வெள்ளையில் வெள்ளைப் பொத்தான்

உம்மு குல்சூம் நிறுவனத்தின் கந்தோருக்குள் வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். சிலாவத்துறை பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காமல் நின்றபடியே வந்திருந்தார். ஜெயந்தினி கதிரையைக் காட்டினாள். அவர் அமரவில்லை. கையில் பொத்திப் பிடித்திருந்த போனை மேசையில் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நேத்து உங்கட ஆக்கள் எனக்குச் சொன்னது, கடைசியில பட்டனை அமத்தினாத்தான் பதிவு எண்டு. எங்க இருக்கு அந்தப் பட்டன்? எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ மிஸ்."

முதல் நாள் சிலாவத்துறைப் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை நடந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்தவர்கள், அடையாள அட்டை இல்லாதவர்கள், இந்திய முகாம்களில் பிறந்த பிள்ளைகளைப் பதிய வேண்டியவர்கள் எல்லாருக்கும் ஒரே இடத்தில் அலுவல் முடியும் நாள். ஆனால் முன்கூட்டியே இணையத்தளத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். உம்மு குல்சூம் விடியவே போய் வரிசையில் நின்றார். அவருடைய பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலில் மொத்தமே இருபத்து நான்கு பெயர்கள்தான் இருந்தன. முந்நூறு பேருக்கென்று கதிரை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

அந்த இணையத்தளத்தைப் பராமரிப்பது ஜெயந்தினியின் வேலை. வங்காலையில் பிறந்தவள். இரண்டு வயதில் தாயின் மடியில் இருந்தபடி கடல் கடந்து, இருபத்தாறு வருடம் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் திரும்பி வந்தவள். அங்கே படித்த கணினி டிப்ளோமாவை இங்கே ஒருவரும் சரியாக மதிக்கவில்லை. உப்புக்குளத்தில் இருந்த இந்தச் சின்ன நிறுவனம்தான் மீளக்குடியேறியவர்களின் பத்திர வேலைகளுக்கு உதவ அவளை எடுத்தது. தளத்தை வடிவமைத்தது அவளல்ல, கொழும்பில் இருக்கும் யதுசன் என்ற பெடியன். கெட்டிக்காரன். ஆனால் கடலுக்கு மேலான தாம்போதிப் பாதை தாண்டி ஒரு நாளும் வந்து பார்க்காதவன்.

ஜெயந்தினி போனை எடுத்தாள். ஆறேழு வருடப் பழசு. கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருந்தது. தளத்தைத் திறந்தாள். முதலில் வள்ளம் ஒன்றின் பெரிய படம், துண்டு துண்டாக, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்து வந்தது. அதன் கீழே என்னென்ன பத்திரங்கள் கொண்டுவர வேண்டும் என்று சொல்லும் ஆறு பெட்டிகள் இருக்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்கும் கீழே படிவம். பெயர், ஊர், பிறந்த திகதி, என்ன அலுவல். பிறகு ஒன்றுமில்லை. வெள்ளை.

அவள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தாள். எழுத்துகள் தெரிவு செய்யப்பட்டு நிறம் மாறின. வெள்ளைக்குள் ஒளிந்திருந்த சொல் அப்போதுதான் தெரிந்தது: அனுப்புக.

"இஞ்ச இருக்கு அக்கா," என்றாள்.

நடந்தது அவளுக்கு உடனே விளங்கியது. யதுசன் நிறங்களை எல்லாம் ஒரே இடத்தில் பெயர் சூட்டி வைத்து, வேண்டிய இடத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் புது முறையில் எழுதியிருந்தான். இந்தப் பழைய போனின் உலாவிக்கு அந்த முறை தெரியாது. தெரியாததை அது பேசாமல் தாண்டிப் போய்விடும். ஆகவே பொத்தானின் நீலம் வரவில்லை. ஆனால் பொத்தானின் எழுத்து வெள்ளை என்று பழைய முறையில் நேரடியாக எழுதியிருந்தான், அது மட்டும் வந்துவிட்டது. வெள்ளையில் வெள்ளை. ஆறு பெட்டிகளின் கதையும் அப்படித்தான். அவற்றை முதலில் மறைத்து வைத்து, பிறகு கட்டளைகள் எழுதிய நிரல் ஒன்று வந்து ஒவ்வொன்றாக மெல்ல மெல்ல மலர வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நிரலில் ஒரு வரி இந்தப் போனுக்கு விளங்கவில்லை. அதனால் நிரல் முழுவதும் நின்றுபோனது. மறைத்தவை மறைந்தபடியே கிடந்தன. படிவத்தை அனுப்புவதும் அதே நிரலின் வேலை. பொத்தானைக் கண்டுபிடித்து அமத்தியிருந்தால்கூட ஒன்றும் நடந்திராது.

"அப்ப நான் மூண்டு தரம் நிரப்பினது?" என்று கேட்டார் உம்மு குல்சூம்.

"எங்களுக்கு வரேல்ல."

"ஒண்டுமா?"

"ஒண்டும் வரேல்ல அக்கா."

அவர் சண்டை பிடிப்பார் என்று ஜெயந்தினி நினைத்தாள். பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் அப்போதுதான் கதிரையில் அமர்ந்தார்.

"எனக்குத்தான் தெரியேல்ல எண்டு நினைச்சன் தங்கச்சி. இந்தப் போன் என்ர மனுசன் காமில் கடலுக்குக் கொண்டுபோறது. பின்னேரம்தான் என்ர கைக்கு வரும். மூண்டு நாளும் சிக்னலுக்காகக் கூரைக்குப் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு நிண்டு நிரப்பினனான். அவர் கேட்டார், என்ன இன்னும் முடியேல்லயா எண்டு. எனக்கு மூளை இல்ல எண்டு சொன்னன்."

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, ஏழு வயதில், உடுத்த உடுப்போடு சிலாவத்துறையை விட்டுப் புத்தளம் போனவர் அவர். பிறப்புப் பத்திரம் அப்போது போனது. பதிவேடும் யுத்தத்தில் அழிந்துவிட்டது. காலம் பிந்திய பதிவு செய்தால்தான் வீட்டுத் திட்டத்தில் அவருடைய பைல் நகரும். ஊருக்குத் திரும்பி எட்டு வருடமாகத் தகரக் கொட்டில்தான். அவர் நேற்று வரிசையில் நின்ற காரணம் இதுதான். தன் மூளையைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போன காரணம் நீல நிறத்தின் ஒரு வரி.

ஜெயந்தினி அந்தப் போனோடு நேரே இணைப்பாளர் சிங்கராசாவின் அறைக்குப் போனாள்.

சிங்கராசா கெட்ட மனிதர் இல்லை. முன்பு ஆசிரியராக இருந்தவர். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பவர். இணையத்தளத் திறப்பு விழாவில் சுவர் நிறையத் திரை போட்டு, பெட்டிகள் ஒவ்வொன்றாக மலர்ந்ததைக் காட்டி, எல்லாரும் கை தட்டியபோது அவருக்குக் கண் கலங்கியது. நம்மட சனத்துக்கும் இப்படி ஒன்று கிடைத்ததே என்று உண்மையாகவே சந்தோசப்பட்டவர்.

அவர் போனை வாங்கிப் பார்த்தார். "இது பழைய போன் பிள்ளை."

"ஓம் சேர். சனத்திட்ட இருக்கிறது பழைய போன்தான்."

"இஞ்ச பாரும்." அவர் தன் போனில் தளத்தைத் திறந்து காட்டினார். பெட்டிகள் மலர்ந்தன. "எவ்வளவு வடிவாக் கிடக்கு. தளத்தில பிழை இல்ல. அவவின்ர போனில பிழை."

"போன் பிழையெண்டா நாங்கள் என்ன செய்ய? முந்நூறு பேருக்குப் புதுப் போன் குடுப்பமோ?"

"நீர் கோபப்படாதையும். கொழும்பில எல்லாரும் பாத்து ஒப்புதல் தந்த டிசைன். இருபத்தெட்டாம் திகதி வங்காலையில அடுத்த நடமாடும் சேவை. அதுக்குக் காசு உதவி தாற ஆக்கள் வருகினம். அதுவரைக்கும் தளத்தில கை வைக்காதையும்."

"இருபத்து நாலு பேர்தான் சேர் பதிஞ்சவை!"

"சனத்துக்கு அக்கறை இல்ல. கடைசி நிமிசத்தில ஓடி வருங்கள். எனக்குத் தெரியாதே?"

வெளியே வந்து யதுசனுக்கு அழைத்தாள். அவன் மரியாதையான பெடியன், பொறுமையாகக் கேட்டான். "அக்கா, அந்த உலாவிகளை இப்ப ஒருத்தரும் கணக்கில எடுக்கிறேல்ல. வேணுமெண்டா ஒண்டு செய்யலாம். பழைய போன் எண்டா 'உங்கள் உலாவியைப் புதுப்பிக்கவும்' எண்டு ஒரு அறிவித்தல் வரச் செய்து தாறன்."

உம்மு குல்சூமின் போனில் ஒரு படம் வைக்கக்கூட இடம் மிச்சம் இல்லை என்பதை அவள் பார்த்திருந்தாள். "அறிவித்தல் வேண்டாம் தம்பி," என்று சொல்லி வைத்தாள்.

அடுத்த மூன்று நாளும் அவள் போகும் இடமெல்லாம் மற்றவர்களின் போனைக் கேட்டு வாங்கினாள். தையல் வகுப்புக்கு வந்த பத்தொன்பது பெண்களில் பன்னிரண்டு பேரின் போனில் பொத்தான் தெரியவில்லை. ஐந்து பேரின் போனில் பொத்தான் தெரிந்தது, ஆனால் எழுத்து சிதைந்து கிடந்தது. யதுசன் எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி விட்டிருந்தான். ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழில் அந்தப் போன்கள் 'கொ'வின் கொம்பை ஒரு பக்கமும் காலை இன்னொரு பக்கமும் இழுத்துப் போட்டிருந்தன. இதெல்லாவற்றையும் ஒரு தாளில் தெளிவாக எழுதிச் சிங்கராசாவிடம் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லி வாங்கி, தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டின் கீழ் வைத்தார். வெள்ளிக்கிழமை அவள் போய்ப் பார்த்தபோது அந்தத் தாள் அதே இடத்தில் இருந்தது. மேலே ஒரு கலியாண அழைப்பிதழ் ஏறியிருந்தது.

"சேர், நான் தந்தது..."

"இருபத்தெட்டு முடியட்டும் எண்டு சொன்னனான்."

"இருபத்தெட்டு முடிஞ்சா அப்புறம் என்ன சார் இருக்கு?" என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு முகாம் தமிழ் வந்துவிடும். சிங்கராசா சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளை முடிவெடுக்க வைத்தது.

சனிக்கிழமை காலை வங்காலை வீட்டில், பூசி முடியாத சுவர் ஓரம் மேசையை இழுத்துப் போட்டு, அவள் தளத்தை அடியிலிருந்து எழுதத் தொடங்கினாள். முதலில் அழகு என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்பதுபோல எழுதினாள். தலைப்பு, பத்திரங்களின் விபரம், படிவம், பொத்தான். நிரலின் உதவி இல்லாமல் படிவம் தானாகவே போய்ச் சேர வேண்டும். இது எந்தப் போனிலும் வேலை செய்யும். தாய் மக்டலினின் விசைப்பலகைப் போனிலும் செய்தது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் செய்தது.

அதன் மேல்தான் அழகு. உலாவிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: தெரியாத வரியைக் கண்டால் சத்தம் போடாமல் தாண்டிப் போகும். யதுசனின் கையில் அந்தக் குணமே சனத்துக்கு எதிராகப் போனது. ஜெயந்தினி அதைச் சனத்தின் பக்கம் திருப்பினாள். முதல் வரியில் நீலத்தை நேரடியாக எழுதினாள், இரண்டாவது வரியில் அதே நீலத்தைப் புது முறையில். புதுப் போன் இரண்டாவதை எடுக்கும், பழையது முதலாவதோடு நிற்கும். பெட்டிகள் சாதாரணமாக ஒன்றின்கீழ் ஒன்றாக வரும். 'உனக்குக் கட்டம் போடத் தெரியுமா? தெரிந்தால் மட்டும் இதைப் படி' என்று ஒரு நிபந்தனை போட்டு, அதற்குள் யதுசனின் அழகான கட்ட அடுக்கை வைத்தாள். பெட்டிகள் எப்போதும் தெரிந்தபடி இருக்கும். நிரல் ஓடினால் மட்டும் மலர்ச்சி நடக்கும், ஓடாவிட்டால் மலர்ச்சி இல்லை, அவ்வளவுதான்.

சொல்ல இது சுகம். செய்யத் தலையிடி. பழைய போனுக்காகப் பெட்டிக்குக் கொடுத்த பாதி அகலம், புதுப் போனின் கட்டத்துக்குள்ளும் புகுந்து பெட்டியை மேலும் பாதியாக்கியது. ஆறு பெட்டியும் ஒல்லிக்குச்சிகளாக நின்றன. எங்கே பிழை என்று கண்டுபிடிக்க மத்தியானம் வரை போனது. பிறகு 'அத்தாட்சிப்பத்திரம்' என்ற சொல் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே போனது. அதைச் சரிசெய்தால் உயரம் கட்டிப்போட்ட பெட்டியில் கடைசி வரி வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்ட வரி எது என்று பார்த்தாள்: 'இரண்டு பிரதிகள் கொண்டு வரவும்.' யதுசனின் தளத்திலும் இது சில போன்களில் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, சிலாவத்துறையில் பதிந்து வந்த இருபத்து நான்கு பேரிலும் ஒன்பது பேர் ஒரு பிரதியோடு வந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் இணைப்பு வேறு வந்து வந்து போனது. அவள் மேசையில் கையால் அடித்தாள். தேத்தண்ணிக் கோப்பை துள்ளி விழுந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்த மக்டலின், "கர்த்தருடைய நாளிலயும் அந்தப் பெட்டியோடயே?" என்றார். "ஆரும் உன்னைக் கேட்டவையே?"

"ஒருத்தரும் கேக்கேல்ல அம்மா. வேண்டாம் எண்டுதான் சொன்னவை."

பின்னேரம் நாலு மணிக்குப் புதுக் கோப்புகளைத் தளத்தில் ஏற்றினாள். காமில் கடலால் வந்திருப்பார் என்று கணக்குப் பார்த்து உம்மு குல்சூமுக்கு அழைத்தாள்.

"இப்ப ஒருக்காத் திறந்து பாருங்கோ அக்கா. பாத்திட்டு எனக்கு எடுங்கோ."

பத்து நிமிடத்துக்குப் பிறகு அழைப்பு வந்தது. "தங்கச்சி, நீலமா ஒண்டு தெரியுது. மேலயும் நிறைய எழுதிக் கிடக்கு. முதல் இது ஒண்டும் இருக்கேல்லயே!"

"நிரப்பிப்போட்டு அந்த நீலத்தை அமத்துங்கோ."

அவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு நிமிடம். மூன்று. பிறகு பட்டியலில் ஒரு வரி வந்து விழுந்தது. உம்மு குல்சூம், சிலாவத்துறை, காலம் பிந்திய பிறப்புப் பதிவு. ஜெயந்தினி எழும்பிப்போய் முகம் கழுவினாள்.

திங்கட்கிழமை சிங்கராசா தன் போனில் தளத்தைத் திறந்தார். பெட்டிகள் முன்புபோலவே மலர்ந்தன, நீலம் முன்புபோலவே நீலமாக இருந்தது. "பாத்தீரே, ஒண்டும் மாத்தாமலே நல்லாத்தானே ஓடுது," என்றார். ஜெயந்தினி தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். அந்தக் கிழமை நூற்று நாற்பது பதிவுகள் வந்தன, அடுத்த கிழமை அதைவிடக் கூட. "கோயிலிலயும் பள்ளிவாசலிலயும் அறிவிக்கச் சொன்னனான், அதுதான் காரணம்," என்று சிங்கராசா எல்லாரிடமும் சொன்னார். அவர் அறிவிக்கச் சொன்னது உண்மைதான். முதல் தடவையும் சொன்னவர்தான்.

இருபத்தெட்டாம் திகதி வங்காலைக் கோயில் மண்டபம் நிறைந்து வழிந்தது. உம்மு குல்சூம் இரண்டு பிரதிகளோடு வந்திருந்தார். பதிவாளர் அவருடைய விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்து வைத்து, ஒரு மாதத்தில் பத்திரம் கைக்கு வரும் என்றார். அவர் ஜெயந்தினியின் மேசைக்கு வந்து கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தார். அந்த நேரம் ஒலிபெருக்கியில் சிங்கராசா பேசத் தொடங்கிவிட்டார். கொழும்பிலிருந்து இவ்வளவு அழகான தளத்தைச் செய்து தந்த தம்பி யதுசனுக்கு நன்றி சொன்னார். உதவி தந்தவர்கள் கை தட்டினார்கள். முல்லைத்தீவுக் கந்தோருக்கும் இதே தளத்தைக் கொடுக்கப் போகிறோம், யதுசன் தன்னிடம் இருக்கும் மூலக் கோப்பை இந்தக் கிழமையே அனுப்புகிறார் என்றும் அறிவித்தார்.

மூலக் கோப்பு என்றால் பழையது. இனிப் பேசாமல் இருக்க முடியாது.

அவர் மேடையால் இறங்கியதும் போய் முன்னால் நின்றாள். "சேர், அந்தக் கோப்பை அனுப்ப வேண்டாம். இப்ப ஓடுறது யதுசன்ர இல்ல. நான் திருப்பி எழுதினது."

சிங்கராசாவுக்கு விளங்க நேரம் எடுத்தது. "என்னைக் கேக்காமலோ?"

"கேட்டனான் சேர். மூண்டு தரம் கேட்டனான். எழுதியும் தந்தனான்."

"நான் வேண்டாம் எண்டு சொன்னனான்."

"ஓம். சொன்னனீங்கள்."

அவர் முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற உம்மு குல்சூம் தன் போனைத் திறந்து அவரிடம் நீட்டினார். சிங்கராசா அதையும் தன் போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் பெட்டிகள் மூன்று மூன்றாக அழகாக நின்றன. மற்றதில் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சும்மா கிடந்தன. இரண்டிலும் எல்லா வரியும் இருந்தது.

"இது ரெண்டும் ஒரே மாதிரி இல்லையே," என்றார்.

"இல்ல சேர். ஒரே மாதிரி இருக்கத் தேவையில்ல. ரெண்டிலயும் பதியலாம்."

"ஒரு நிறுவனத்தின்ர தளம் ஆளுக்கொரு மாதிரித் தெரியிறதோ? உதவி தாற ஆக்கள் இதைப் பாத்தா என்ன நினைப்பினம்?"

உம்மு குல்சூம் ஜெயந்தினியைப் பார்த்தார். "இவர் என்ன கேக்கிறார் தங்கச்சி?" என்றார். சிங்கராசா அதைக் காதில் வாங்கவில்லை. திங்கட்கிழமை பின்னேரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசைப் பக்கம் போனார்.

விளக்கக் கடிதத்தை அவள் எழுதினாள். மன்னிப்பு என்ற சொல் இல்லாமல் எழுதினாள். சிங்கராசா அதைப் படித்தாரோ என்னவோ, அவளை வேலையால் நிறுத்தவில்லை. அவள் எதிர்பாராதது புதன்கிழமை நடந்தது. யதுசன் அழைத்தான்.

"அக்கா, உங்கட கோப்பைத் திறந்து பாத்தனான். அந்த நிபந்தனை வைச்ச விதம் நல்லாயிருக்கு. எனக்கு யோசிக்க வரேல்ல. முல்லைத்தீவுக்கு உங்கடையைத்தான் அனுப்பச் சொல்லி நான் சேரிட்டச் சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"ஓம் எண்டவர்." யதுசன் தயங்கினான். "ஆனா ஒரு திருத்தம் செய்யட்டாம். பழைய போனிலயும் பெட்டியள் மூண்டு மூண்டா, அப்பிடியே மலர்ந்து வரவேணுமாம். எல்லாப் போனிலயும் ஒரே மாதிரி. ஏன் ஏலாது எண்டு நீங்கள்தான் அவருக்கு விளங்கப்படுத்தவேணும் அக்கா. நான் சொன்னா அவருக்கு விளங்கேல்ல."

ஜெயந்தினி பெருமூச்சு விட்டாள். போனை வைத்துவிட்டு, சிங்கராசாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

"வாரும், இரும்," என்றார் அவர்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நாலாவது தரமாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.